கட்டிலருகே கேட்கும் கேள்விகள்: பௌத்தத்தின் மரணச் சிந்தனையும் மன்னார்க் கரையின் நோயாளிகளும்

மன்னார்ப் பெருநிலத்தில், நானாட்டான் பிரதேசத்தில், வங்காலைக்கு அண்மையில் இருக்கிறது நறுவிலிக்குளம். அது பௌத்தர்களின் ஊர் அல்ல. கோவில் மணியும் செபமாலையும்தான் அந்தப் பக்கத்துச் சாவு வீடுகளின் ஓசை. அப்படியிருந்தும் மரணம் பற்றிப் பௌத்தம் சொல்வதை அந்த ஊரை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மன்னார்க் கரையில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், மிஞ்சியிருக்கும் நாட்களில் பாதி பஸ்ஸிலும் வாடகை வானிலும் போய்விடும். ஒரு பாதை பூநகரி வழியாகத் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு, நூறு கிலோமீற்றருக்கு மேல். இன்னொன்று மதவாச்சி வழியாக அநுராதபுரத்துக்கு. மூன்றாவது, முந்நூறு கிலோமீற்றர் அளவு தள்ளியிருக்கும் மகரகமவுக்கு. பின்னிரண்டு ஆஸ்பத்திரிகளிலும் கட்டிலருகே நிற்கும் தாதி பெரும்பாலும் சிங்கள பௌத்தர். பக்கத்துக் கட்டில்காரரின் மணிக்கட்டில் பிக்குகள் ஓதிக் கட்டிய பிரித் நூல் இருக்கும். நம்மவர் தலையணைக்குக் கீழே செபமாலையோ திருநீற்றுப் பொட்டலமோ இருக்கும். சாவு நெருங்கும்போது அந்தத் தாதிக்கும் அந்தப் பக்கத்துக் கட்டிலுக்கும் எது முக்கியம் என்று அறிந்திருப்பது நமக்குப் பயன்படும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. சாகப்போகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது என்பதைப் பாளி நூல்கள் அளவுக்கு வரிசைக்கிரமமாக யோசித்த பழைய நூல்கள் குறைவு.

பௌத்தமும் மரணமும் என்றதும் நிலையாமை, மறுபிறப்பு, நிர்வாணம் என்று பேச்சு உயரப் போய்விடுகிறது. பிக்குகளின் ஒழுங்கு நூலாகிய விநய பிடகத்தின் மகாவக்கம் தரையிலிருந்து தொடங்குகிறது. வயிற்றோட்டத்தில் விழுந்த பிக்கு ஒருவர் தன் மலசலத்திலேயே கிடக்கிறார். சீடர் ஆனந்தருடன் தங்குமிடங்களைப் பார்த்துக்கொண்டு வந்த புத்தர் அவரைக் காண்கிறார். என்ன நோய், பார்க்க ஆள் இல்லையா, ஏன் இல்லை என்று கேட்கிறார். மற்றப் பிக்குகளுக்குத் தன்னால் ஒரு பயனும் இல்லை, அதனால் எவரும் வருவதில்லை என்கிறார் நோயாளி. ஆனந்தர் தண்ணீர் கொண்டுவருகிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதன் பிறகுதான் சங்கத்தைக் கூட்டிப் பேச்சு. உங்களுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. நீங்கள் ஒருவரையொருவர் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்ட புத்தர், தனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். மத்தேயு நற்செய்தியின் கடைசித் தீர்ப்புக் காட்சியைக் கேட்டு வளர்ந்த வங்காலைப் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு இந்த வார்த்தை அந்நியமாக இராது.

அதே இடத்தில், நோயாளியைப் பார்க்கத் தகுந்தவரின் ஐந்து பண்புகள் வருகின்றன. மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்து கொடுக்க வேண்டும். ஆதாயம் கருதாமல் அன்பினால் பார்க்க வேண்டும். மலம், சிறுநீர், எச்சில், வாந்தி எதையும் அருவருக்காமல் அகற்ற வேண்டும். அவ்வப்போது நல்ல பேச்சால் நோயாளியின் மனதை உயர்த்த வேண்டும். அறப்பேச்சு ஐந்தாவது இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். மருந்தையும் உணவையும் கழுவலையும் கடந்து வந்தவருக்கே அந்தப் பேச்சுக்கு உரிமை. நம் ஊர்களில் பலர் நோயாளியிடம் நேரே ஐந்தாவதற்குப் போய்விடுகிறோம். போனவுடன் ஆறுதல், வசனம், செபம், "எல்லாம் ஆண்டவன் பார்ப்பார்". முதுகில் படுக்கைப் புண் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பவர் வீட்டில் ஒரே ஒருத்திதான்.

இந்த ஒழுங்கு வெறும் ஏட்டில் நின்றுவிடவில்லை. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைச் சொல்லும்போது சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபர்ணி வரையான நாடுகளைப் பெயர்சொல்லிக் குறிக்கிறான். அநுராதபுரத்துக்கு அருகே மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டு மடாலய ஆஸ்பத்திரியின் இடிபாடுகள் இருக்கின்றன. மனித உடலின் வடிவத்தில் உள்ளே குடைந்த கல் மருந்துத் தொட்டி ஒன்று அங்கே இன்றும் கிடக்கிறது. நோயாளியை எண்ணெயிலோ மூலிகைச் சாற்றிலோ கிடத்துவதற்கான தொட்டி என்று கருதப்படுகிறது. அந்த அநுராதபுரத்தின் துறைமுகம்தான் நம் மாந்தை, பாளி நூல்கள் மகாதித்த என்று அழைப்பது. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தரைப் போன்ற தமிழ்நாட்டுத் தேரர்கள் பாளியில் எழுதிய காலத்தில், இந்தக் கரை இரு நாட்டுப் பௌத்தமும் வந்துபோகும் வாசலாக இருந்தது.

பேச்சுக்கு வருவோம். சம்யுத்த நிகாயத்தில் மகாநாமர் என்ற இல்லறத்தார் புத்தரிடம் ஓர் ஐயம் எழுப்புகிறார். சாகும் தறுவாயில் இருக்கும் இல்லறத்தார் ஒருவருக்கு இன்னோர் இல்லறத்தார் எப்படித் துணை நிற்பது? பிக்குவைக் கூப்பிடு என்பது அங்கே பதில் அல்ல. முதலில் அவருடைய நம்பிக்கையையும் ஒழுக்கத்தையும் அவருக்கே நினைவூட்டித் தைரியம் கொடுக்க வேண்டும். அடுத்து, தாய் தகப்பனைப் பற்றிக் கவலை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பிறகு மனைவி மக்களைப் பற்றி. பிறகு, விட்டுப் போகும் இன்பங்களைப் பற்றி. அதன் பின்பே தேவலோகங்கள்; கடைசியில் அவற்றையும் விட்டு முற்றான ஓய்வு. ஒவ்வொரு படியிலும் கேள்வி. பதில் வந்த பின்பு அடுத்த படி. அப்படி மனம் விடுபட்ட இல்லறத்தாருக்கும் பிக்குவுக்கும் விடுதலையில் வேறுபாடு இல்லை என்று முடிகிறது.

அங்குத்தர நிகாயத்தில் இந்தக் கேள்விகளின் மறுபக்கம் இருக்கிறது. நகுலபிதா கடும் நோயில் கிடக்கிறார். மனைவி நகுலமாதா, கவலையோடு கண்ணை மூடாதே என்கிறாள். சொல்லிவிட்டு அவள் அடுக்கும் உறுதிகளில் முதலாவது: எனக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், கம்பளி சீராக்கத் தெரியும், பிள்ளைகளை வளர்த்து வீட்டைப் பார்த்துக்கொள்வேன். வேறு வீடு போகமாட்டேன் என்பது அடுத்தது. அவளுடைய பக்தியும் ஞானமும் அதற்குப் பிறகே வருகின்றன. சாகிறவரின் நெஞ்சை அறுப்பது வருமானம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மன்னாரில் கடலுக்குப் போன மனுசனும் வயல் செய்த மனுசனும் படுக்கையில் கிடந்து யோசிப்பதும் இதுதான்: வலைக்கடன், அடகிலிருக்கும் நகை, இன்னும் உறுதி எழுதாத காணி, கலியாணம் ஆகாத மகள். லண்டனில் 1967இல் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் நோவும் மன நோவும் குடும்பக் கவலையும் ஆன்மத் தவிப்பும் பின்னிக் கிடப்பதை முழு வலி என்றார். பஞ்சு நூற்கத் தெரிந்த அந்தப் பெண்ணின் பேச்சு, அந்த முழு வலிக்குக் கொடுத்த மருந்து என்றே நான் வாசிக்கிறேன்.

மஜ்ஜிம நிகாயத்தில் அநாதபிண்டிகரின் கடைசி நாள் வருகிறது. செல்வர்; விகாரை கட்டிக் கொடுத்தவர். புத்தரின் சீடர் சாரிபுத்தர் வந்ததும், நோவு கூடுகிறதா குறைகிறதா, தாங்க முடிகிறதா என்றே கேட்கிறார். கூடுகிறது என்று சொல்லி, தலை பிளப்பது போலவும் வயிறு அறுபடுவது போலவும் இருக்கும் நோவை நோயாளி விவரிக்கிறார். கண்ணையும் செவியையும் உடலையும் மனதையும் பற்றாதிருக்கும் பயிற்சியைச் சாரிபுத்தர் அதன் பிறகே சொல்லிக் கொடுக்கிறார். அநாதபிண்டிகர் அழுகிறார். தளர்ந்துவிட்டீரா என்று ஆனந்தர் கேட்க, இல்லை, இவ்வளவு காலம் அருகில் இருந்தும் இப்படியொரு போதனையைக் கேட்டதில்லையே என்கிறார். இவை வெள்ளுடை உடுத்த இல்லறத்தாருக்குச் சொல்வதில்லை என்று பதில் வருகிறது. இனிமேல் சொல்லுங்கள், விளங்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அவர் இறக்கிறார். நோயாளிக்கு எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்று நாம் கூடி முடிவெடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் காட்சியை வாசிக்க வேண்டும். புற்றுநோய் என்ற சொல்லையே அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறோம். அவருக்குத் தெரியும் என்பது நமக்கும் தெரியும். அவர் தனியே அழுகிறார்.

கட்டிலருகே பௌத்தத்துக்கும் நவீன மருத்துவத்துக்கும் மெய்யான உரசல் உண்டாகும் இடம் மோர்பின். சாகும் கணத்தில் மனம் எந்த நிலையில் இருக்கிறதோ அது அடுத்த பிறப்பைப் பாதிக்கும் என்பது தேரவாத அபிதம்ம மரபு. அந்த மரபு சொல்லும் உவமை மன்னார்ப் பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு உடனே விளங்கும். காலையில் பட்டியின் படலையைத் திறந்தால், பலமான எருதை முந்திக்கொண்டு, வாசலோரம் படுத்திருந்த கிழட்டு மாடு முதலில் வெளியே வரும். அதுபோல, வாழ்நாள் பழக்கம் எதுவாயினும் கடைசி நினைவு முந்திக்கொள்ளலாம். இதனால்தான் சிங்கள வீடுகளில் சாகிறவரின் காதில் பிரித் ஓதுகிறார்கள், கிரிமானந்த சூத்திரம் சொல்கிறார்கள், அவர் செய்த தானங்களை நினைவூட்டுகிறார்கள். இதனாலேயே சில நோயாளிகள், புத்தி மங்கிவிடும் என்று அஞ்சி மோர்பினை மறுக்கிறார்கள். அந்தப் பயத்தை மதிக்க வேண்டும். அதோடு உண்மையையும் சொல்ல வேண்டும். நோவுக்கு அளந்து வாயால் கொடுக்கும் மோர்பினால் வரும் தூக்கம் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும். மலச்சிக்கல்தான் விடாமல் தொடரும். அதனால் மலமிளக்கியும் கூடவே எழுதிக் கொடுக்க வேண்டும். தணியாத நோவு மோர்பினைவிட மோசமாக மனதைக் கலக்கும். நோவு கூடுகிறதா என்று சாரிபுத்தர் முதலில் கேட்டதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மருந்தே கிடைக்காதவர்களுக்கு இந்த விவாதம் எட்டாத ஒன்று. உலகில் ஆண்டுதோறும் விநியோகமாகும் மோர்பின் வகை மருந்துகள் ஏறத்தாழ 298 மெற்றிக் தொன். அதில் வறிய நாடுகளுக்குப் போவது 0.1 தொன் மட்டும் என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு கணக்கிட்டது. நோய்தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுவோரில் அதைப் பெறுகிறவர்கள் ஏறக்குறைய 14 வீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கைச் சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரைக்கென நோய்தணிப்புப் பராமரிப்புக்குத் தேசியச் சட்டகம் ஒன்றை வகுத்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து பணம் சேர்த்தவர்களில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டில் நடந்த அந்த நடையை நன்றியோடு நினைக்கிறேன்.

இந்த இடத்தில் பௌத்தத்தை நம் மக்களிடம் கொண்டுபோவதில் உள்ள முள்ளைத் தொட்டாக வேண்டும். வடக்கில் வளர்ந்த தலைமுறைக்குப் புத்தர் சிலை என்பது இராணுவ முகாமோடு சேர்ந்து வந்த காட்சி. அந்த வலிக்குப் பழைய வேர் ஒன்று இலங்கையின் பாளி வரலாற்று நூலாகிய மகாவம்சத்திலேயே இருக்கிறது. தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற பின் உறக்கமில்லாமல் தவித்த சிங்கள மன்னன் துட்டகைமுனுவைத் தேற்ற பியங்குத்தீவிலிருந்து எட்டு அரகந்தர்கள் வந்ததாக அது சொல்கிறது. கொல்லப்பட்டவர்களில் ஒன்றரை மனிதர் மட்டுமே கணக்கு, மற்றவர் விலங்குக்குச் சமம் என்று அவர்கள் ஆறுதல் கூறுகிறார்கள். ஒருவனுடைய மன உறுத்தலைத் தணிக்க இன்னொருவனின் சாவைச் சிறிதாக்கும் அந்தப் பேச்சு, நகுலமாதாவும் சாரிபுத்தரும் பேசியதற்கு நேரெதிர். இரண்டும் பௌத்த நூல்கள்தான். எதை எடுப்பது, எதை மறுப்பது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. வியப்பு என்னவென்றால், அதே மன்னன் இறக்கும் காட்சியில் மகாவம்சம் வேறு குரலில் பேசுகிறது. கட்டி முடியாத மகாதூபத்தின் முன் கிடக்கும் அவனுக்கு, அவன் செய்த நற்செயல்களை எழுதிவைத்த புண்ணியப் புத்தகத்தை வாசிக்கிறார்கள். எத்தனையோ விகாரைகளின் பட்டியல் போகிறது. அவன் மனம் குளிர்வது இரண்டு கொடைகளில்: பஞ்சத்தில் காதணியை விற்றுத் தேரர்களுக்குக் கொடுத்த தினைக் கஞ்சி, போரில் தோற்று ஓடியபோது தன் பசியிலும் பகிர்ந்த சோறு. சாகிறவர் தன் வாழ்விலிருந்து எதை எடுத்துவைத்துப் போக விரும்புகிறார் என்று கேட்டு எழுதிக் கொடுக்கும் முறையைக் கனடிய மனநல மருத்துவர் ஹார்வி சொச்சினோவ் நோய்தணிப்புச் சிகிச்சையில் கொண்டுவந்திருக்கிறார். கேட்டுப் பார்த்தால் நம்மவர்களும் கஞ்சியைத்தான் சொல்வார்கள். இடம்பெயர்ந்த காலத்தில் யார் வீட்டில் உலை வைத்துக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்வார்கள்.

தமிழில் பௌத்தம் மரணத்தை நேரே பார்த்த இடம் மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விட்ட மகன் சார்ங்கலனைச் சுமந்து வந்து, கோதமை என்ற தாய் சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். என் உயிரை எடுத்து அவன் உயிரைக் கொடு என்கிறாள். அது எந்தத் தெய்வத்தாலும் ஆகாதது என்று சம்பாபதி சொல்கிறது. நம்ப மறுக்கும் தாய்க்கு முன் சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் வரவழைத்துக் காட்டுகிறது. போய்விடு என்று அவளைத் துரத்தவில்லை. அவள் கேட்டுத் தீரும்வரை பதில் சொல்கிறது. மகனின் உடல் கையில் இருந்ததால் அவளால் அவனை ஈமத்தில் இட முடிந்தது.

மன்னாரில் அதுவும் கிடைக்காத தாய்மார் இருக்கிறார்கள். திருக்கேதீச்சரத்தில் 2013இலும் மன்னார் சதொச வளாகத்தில் 2018இலும் மனிதப் புதைகுழிகள் வெளிப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. பிள்ளையின் முடிவு தெரியாமலே கண்மூடிய பெற்றோர் வடக்கெங்கும் பலர். மகாநாமருக்குச் சொன்ன வரிசைப்படி அப்படி ஒரு தாயிடம் பிள்ளையைப் பற்றிக் கவலை இருக்கிறதா என்று கேட்டால் என்ன ஆகும்? கவலைப்பட்டாலும் படாவிட்டாலும் சாகத்தான் போகிறீர்கள், ஆகவே விடுங்கள் என்று சூத்திரம் தரும் விடை அவளிடம் செல்லாது. அதை அவளிடம் சொல்வது கொடுமை. கேள்வி மட்டும் செல்லும். எவரும் கேட்காமல் கிடக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டு, அவன் பெயரைச் சொல்ல விட்டு, அவன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்து, தேடலை இனி யார் கொண்டுபோவது என்று ஒருவர் பொறுப்பேற்பதே நகுலமாதா கொடுத்த வகையான உறுதி.

இவை அனைத்துக்கும் நேரம் வேண்டும். நேரம் கிடைக்காமல் போவதற்குக் காரணம் உதவியைக் கூப்பிடவே பயப்படுவது. கத்தோலிக்கர் முன்பு அவஸ்தைப்பூசுதல் என்று அழைத்த அருட்சாதனம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு நோயில் பூசுதல் ஆனது. கடும் நோயில் எப்போதும் பெறலாம். ஆனாலும் பாதர் எண்ணெயோடு படலையைத் திறந்தால் ஆள் போகப்போகிறார் என்ற பயம் இன்னும் போகவில்லை. ஜப்பானிலும் இதே கதை. அங்கே தமியா மசாஷி 1985இல் பௌத்த ஹொஸ்பிஸுக்கு விகாரா என்று பெயர் வைத்தார். 1992இல் நாகவோக்கா நிஷி ஆஸ்பத்திரியில் அப்படியொரு பிரிவு திறந்தது. பிக்குவை ஈமச்சடங்கோடு மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, துறவியுடை வார்ட்டுக்குள் வந்தாலே அபசகுனம். 2011 சுனாமிக்குப் பின் தோஹொக்கு பல்கலைக்கழகம் எல்லாச் சமயத்தாருக்கும் துணை நிற்கும் குருமாரைப் பயிற்றத் தொடங்கியது. அவர்களின் முதல் பாடம், தன் சமயத்தைப் பரப்பாமல் கேட்டுக்கொண்டிருப்பது. மோர்பினுக்கும் நோய்தணிப்பு மருத்துவருக்கும் நம்மிடம் இதே அபசகுனப் பெயர்தான்.

இன்னொரு பாரம் பராமரித்தவரின் தலையில் விழுவது. நான் கொடுத்த சாப்பாட்டாலா, பிந்திக் கொண்டுபோனதாலா என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் அரிக்கும். புத்தர் தன் கடைசி உணவைக் கொல்லன் சுந்தனிடம் உண்டார். அதன் பின் இரத்தப்போக்கும் கடும் நோவும். குசிநகரம் போகும் வழியில், சுந்தனுக்கு எவராவது குற்ற உணர்வை ஊட்டினால் அதைப் போக்குங்கள், அந்த உணவு பெரும் புண்ணியம் என்று அவனிடம் சொல்லுங்கள் என ஆனந்தரிடம் சொல்லிவைத்தார். சாகிறவரே, உயிரோடு இருக்கப்போகிறவரின் பழியை நீக்கிப் போகிறார். நல்ல ஹொஸ்பிஸ் ஒன்றில் இறப்புக்குப் பின் குடும்பத்தைப் பார்க்கப் போகும் தாதி செய்வதும் இதுவே.

நறுவிலிக்குளம் போன்ற ஊருக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. கோழிக்கோட்டில் 1993இல் ராஜகோபால், சுரேஷ்குமார் முதலிய மருத்துவர்கள் தொடங்கிய சிறு கிளினிக், சில ஆண்டுகளில் ஊர்த் தொண்டர்களின் வலைப்பின்னலாகக் கேரளமெங்கும் பரவியது. 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாக்கியது. நம் கரையில் மரியாயின் சேனையும் வின்சன்ட் டி போல் சபையும் ஏற்கெனவே நோயாளி வீடுகளுக்குப் போகின்றன. அவர்கள் செபத்துக்கு முன் நோவைக் கேட்கவும், புண்ணைப் பார்க்கவும், கடனையும் காணியையும் விசாரிக்கவும், மன்னார் ஆஸ்பத்திரிக்கு எப்போது அறிவிப்பது என்று அறியவும் பழகினால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியை விநயம் இன்னொரு விதியில் சொல்கிறது. பிக்கு இறந்தால் அவருடைய சீவரமும் பாத்திரமும் அவரைப் பராமரித்தவர்களைச் சேரும். சங்கம் கூடி அதை முறைப்படி வழங்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், உடைமையே இல்லாத துறவிகள் பராமரித்தவருக்கு ஒரு பங்கை விதியாக எழுதி வைத்தார்கள். தகப்பனைப் பார்க்க வேலையை விட்டு நின்ற மகளுக்கு நம் கிராமங்களில் சம்பளமும் இல்லை, கொடுப்பனவும் இல்லை. தகப்பன் போன பிறகு காணிப் பங்கில் அவளுடைய மாதங்களை எவரும் எண்ணுவதுமில்லை. நோய்தணிப்புத் திட்டம் மன்னாருக்கு வரும்போது அவளுக்கான தொகை அதில் முதல் வரியாக இருக்க வேண்டும்.